டெலிவரி வண்டிக்கு வழியும் வரிசையும்

கூகுள் மேப்ஸில் போகவேண்டிய கடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டு "ரூட் போட்டாச்சு" என்று கிளம்புகிறவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஏராளம். உண்மையில் அவர்கள் போட்டது வெறும் பட்டியல். எந்த வரிசையில் இடங்களைக் கொடுத்தோமோ அதே வரிசையில்தான் அந்தச் செயலி கூட்டிப்போகும். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, திரும்ப வடக்கே ஒன்று என்று கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் கூட்டிப்போகும். இதை மாற்றிப் போட்டால் ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்று தானாகச் சொல்லாது.

டெலிவரித் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எந்தச் சாலையில் போவது என்பது ஒரு வேலை. அதை வழி என்போம். பத்துக் கடைகளில் எதை முதலில் முடிப்பது, எதை அடுத்து முடிப்பது என்பது இன்னொரு வேலை. அதை வரிசை என்போம். போனில் இருக்கும் மேப் முதல் வேலையில் கெட்டி. இரண்டாவதை நாம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்றே உள்ள செயலியிடம் கொடுக்கவேண்டும்.

வழி எளிது, வரிசை கடினம்

எல்லாவற்றையும் சேர்த்து ஜி.பி.எஸ். என்கிறோம். ஜி.பி.எஸ். சொல்வதோ வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்ற ஒன்றைத்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. மேப் படத்துக்கும் டிராஃபிக் நிலவரத்துக்கும்தான் டேட்டா வேண்டும். ஆனைமலை, தாளவாடி மாதிரி டவர் விட்டுவிட்டுக் கிடைக்கிற பக்கம் போகிறவர்கள் முந்தின நாளே அந்தப் பகுதியின் மேப்பை டவுன்லோட் செய்துகொள்ளட்டும். டேட்டா போனாலும் வண்டி நகர்வது திரையில் தெரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது கணினிக்குப் பழகிய வேலை. நெதர்லாந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் யோசித்து 1959-ல் வெளியிட்ட முறையும் அதிலிருந்து வளர்ந்த முறைகளும் லட்சக்கணக்கான சாலைத் துண்டுகளுக்குள்ளும் நொடியில் வழி தேடித் தந்துவிடும்.

வரிசை அப்படி இல்லை. ஐந்து கடை என்றால் 120 விதமாகப் போகலாம். எட்டு கடை என்றால் 40,320 விதம். பத்து கடைக்கு 36,28,800. பதினைந்து கடை வந்தால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடியைத் தாண்டுகிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க யாராலும் முடியாது. இதைத்தான் கணிதத்தில் பயண விற்பனையாளர் கணக்கு என்கிறார்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்த வடிவத்தை 1959-ல் ஜார்ஜ் டான்ட்சிக்கும் ஜான் ராம்சரும் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு கிடங்கிலிருந்து பல பங்க்குகளுக்கு பெட்ரோல் கொண்டுபோகும் லாரிகளின் பிரச்சினை. இன்றைய செயலிகளும் எல்லா வரிசையையும் பார்ப்பதில்லை. ஓரளவு நல்ல வரிசை ஒன்றை எடுத்து, அங்கங்கே மாற்றி மாற்றித் திருத்துகின்றன. நமக்கும் அது போதும். ஆகச் சிறந்த வரிசை கிடைக்காவிட்டால் குடி முழுகிப்போகாது. மோசமான வரிசையில் மாட்டாமல் இருந்தாலே பாதி டீசல் மிஞ்சியதுபோல.

திருப்பூரில் ஒரு காலை

திருப்பூரை ரயில்பாதை வடக்கு, தெற்கு என்று பிரிக்கிறது. போதாததற்கு நொய்யலும் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக பாலங்களை விட்டால் வேறு வழியில்லை. கம்பெனி விடும் நேரத்தில் அந்தப் பாலங்களில் வண்டி ஊரும்.

பனியன் கம்பெனிகளுக்கு எலாஸ்டிக், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி கொடுக்கும் ஒரு குடோன் பல்லடம் ரோட்டில் வீரபாண்டி பிரிவு (ரோடு பிரியும் இடம்) பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் பில் விழுந்த வரிசை இது: காங்கேயம் ரோடு நல்லூர், அனுப்பர்பாளையம், மங்கலம் ரோடு, பி.என். ரோடு, தாராபுரம் ரோடு, 15 வேலம்பாளையம் (15 என்பது ஊர்ப் பெயரிலேயே உள்ளது). பில் வரிசையிலேயே வண்டியை விட்டால், தெற்கிலிருந்து வடக்கு, வடக்கிலிருந்து தெற்கு என்று குடோனுக்குத் திரும்பும்வரை ரயில்பாதையை ஆறு முறை தாண்டவேண்டும்.

அதே ஆறு இடங்களை மேப்பில் புள்ளியாகக் குத்திப் பாருங்கள். தாராபுரம் ரோடு தெற்கே இருக்கிறது, நல்லூர் கிழக்கே. பி.என். ரோடு வடக்கே போகிறது. வேலம்பாளையமும் அனுப்பர்பாளையமும் வடமேற்கு. மங்கலம் ரோடு மேற்கு. குடோனில் கிளம்பி தாராபுரம் ரோடு, நல்லூர், பாலம் தாண்டி பி.என். ரோடு, வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், மறுபடி பாலம் தாண்டி மங்கலம் ரோடு, அங்கிருந்து குடோன். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாயிற்று. ரயில்பாதையைத் தாண்டியது இரண்டே முறை.

இதற்கு எந்தச் செயலியும் தேவைப்படவில்லை. புள்ளிகளைக் குத்தி, ஒரு வளையமாகச் சேர்த்தோம், அவ்வளவுதான். வளையம் சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. கோடு எங்கேயாவது தன்னைத்தானே வெட்டிக்கொண்டு போனால், அந்த இடத்தில் வரிசையை மாற்றினால் தூரம் குறையும். நேர்கோட்டுத் தூரத்துக்கு இது கணிதத்தில் நிரூபணமானது. சாலைத் தூரத்துக்கு எப்போதும் அப்படியே பொருந்தாவிட்டாலும் பெரும்பாலும் கை கொடுக்கும்.

பலரும் செய்வது வேறு: நிற்கிற இடத்துக்குக் கிட்ட எது இருக்கிறதோ அதை அடுத்து முடிப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ரோட்டில் குடோனுக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டரில் ஒரு கடை, மேற்கே இரண்டு கிலோமீட்டரில் ஒரு கடை, கிழக்கே ஐந்து கிலோமீட்டரில் ஒரு கடை என்று வைத்துப் பாருங்கள். கிட்ட உள்ளதை முதலில் என்று போனால் கிழக்கே ஒன்று, திரும்பி மேற்கே, மறுபடி கிழக்கே ஐந்து, பிறகு குடோன்: மொத்தம் 16 கிலோமீட்டர். கிழக்கு இரண்டையும் முடித்துவிட்டு மேற்கே போய்த் திரும்பினால் 14. மூன்று கடைக்கே இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம்.

எங்கே ஆறும் வாய்க்காலும் குறுக்கே வருகிறதோ, அங்கே கண்ணுக்குக் கிட்ட இருப்பது வண்டிக்குக் கிட்ட இல்லை. பவானியும் குமாரபாளையமும் காவிரிக்கு இக்கரை அக்கரை. ஈரோடும் பள்ளிபாளையமும் அப்படியே. மேப்பில் விரற்கடை தூரத்தில் இரண்டு புள்ளி தெரிந்தாலும் பாலம் எங்கே என்று பார்த்துத்தான் ஒரே பில் கட்டில் சேர்க்கவேண்டும். கீழ்பவானி வாய்க்கால், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் ஓடும் ஊர்களிலும் இதே கதைதான். அதனால் வரிசை போடுமுன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பில்களை இரண்டு கட்டாகப் பிரித்துவிடுவது நல்ல பழக்கம்.

புள்ளி தப்பினால் எல்லாம் தப்பும்

வரிசை எவ்வளவு அழகாகப் போட்டாலும் இடத்தின் புள்ளி தவறாக இருந்தால் பயனில்லை. கொங்கு நாட்டில் இது பெரிய தலைவலி. பாளையமும் புதூரும் இல்லாத திசை இங்கே கிடையாது. செட்டிபாளையம், புதுப்பாளையம், நல்லூர் என்று பெயரை மட்டும் தட்டினால் மேப் எந்த ஊரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஆகவே பெயரோடு பின்கோடையும் சேர்த்துத் தேடுங்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த ஏற்பாடு இன்றைக்கும் முதல் சல்லடையாக உதவுகிறது: 641 என்றால் கோவை, திருப்பூர் பக்கம், 642 பொள்ளாச்சி, உடுமலை, 638 ஈரோடு, காங்கேயம், தாராபுரம், 637 நாமக்கல், 639 கரூர். காலையில் பில்களைப் பின்கோடு வாரியாக அடுக்கினாலே எந்த வண்டி எந்தத் திசை என்பது பாதி தெரிந்துவிடும்.

தோட்டத்துச் சாளைகளுக்கு, அதாவது தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு, பின்கோடும் போதாது. கதவு எண்ணும் தெருப்பெயரும் அங்கே கிடைப்பது அபூர்வம். போனில் கேட்டால் இப்படித்தான் பதில் வரும்:

"ஏனுங்ணா, பிரிவுலருந்து எப்படி வரோணும்?"

"பிரிவுல தெக்க திரும்புங்க தம்பி. வாய்க்கா பாலந் தாண்டுனதும் கெழபொறம் ஒரு இட்டேரி போகும், மேப்பு அதுலதான் காட்டும், அதுல வந்துராதீங்க. இன்னுங் கொஞ்சம் தெக்க வந்தா தார் ரோடு, அதுல கெழபொறம் வாங்க."

எவ்வளவு துல்லியமான வழி பாருங்கள். இடது, வலது என்று சொன்னால் எதிர்த் திசையிலிருந்து வருகிறவருக்கு மாறிப்போகும். தெற்கும் கிழக்கும் மாறாது. இந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள மேப்ஸ் செட்டிங்கில் வழிகாட்டும்போது வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம். வண்டி திரும்பும்போதெல்லாம் படமும் சேர்ந்து திரும்பினால் கிழபுறம் எது என்று தேடவே நேரம் போகும். கிராமப்புற டெலிவரிக்கு இந்த ஒரு மாற்றம் பெரிய உபகாரம்.

மேலே அவர் எச்சரித்த இட்டேரி விஷயமும் கவனிக்கத்தக்கது. இட்டேரி என்கிற, இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடைத்த வண்டித்தடம், வாய்க்கால் கரை, தோட்டத்துக்குள் போகும் தனியார் தடம் எல்லாம் மேப்பில் சில நேரம் சாதாரண ரோடு மாதிரியே கோடாகத் தெரியும். சேட்டிலைட் படத்துக்கு மாற்றிப் பெரிதாக்கினால் தார் ரோடா, மண் தடமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் லொகேஷன் வாங்கும்போது ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: "இப்ப நீங்க கடையிலதான் இருக்கீங்களா?" லொகேஷன் அனுப்பு என்றால் பலரும் தாங்கள் நிற்கிற இடத்தைத்தான் அனுப்புகிறார்கள். வீட்டிலோ பேங்கிலோ இருந்துகொண்டு அனுப்பினால் வண்டி அங்கேதான் போய் நிற்கும். லைவ் லொகேஷன் கால் மணி நேரம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று முடிந்துபோகும் ஏற்பாடு. ஆளைத் தேட அது உதவும், கடை முகவரியாக வைத்துக்கொள்ள உதவாது. முதல் தடவை போய்ச் சேர்ந்ததும் சரக்கு இறக்கும் கேட்டுக்கு முன்னால் நின்று, மேப்பில் அழுத்திப் பிடித்துப் புள்ளி குத்தி, கம்பெனிப் பெயரோடு சேமித்துவிடுங்கள். பெரிய மில்களில் ஆபீஸ் வாசல் ஒரு ரோட்டிலும் லோடு கேட் பின்பக்க ரோட்டிலும் இருக்கும். நமக்கு வேண்டியது லோடு கேட். இப்படிச் சேர்த்த புள்ளிகள்தான் ஒரு டெலிவரிக் கடையின் உண்மையான சொத்து. டிரைவர் மாறினாலும் இவை மாறாது.

இடத்தைக் குறிக்கும் சிறு குறியீடான கூகுளின் பிளஸ் கோடும், இந்திய அஞ்சல் துறை 2025-ல் கொண்டுவந்த டிஜிபின்னும் இதே தேவைக்காக வந்தவைதான். டிஜிபின் நாட்டைச் சுமார் நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு கொடுக்கிறது. கதவு எண் இல்லாத சாளைக்குக்கூட இப்போது ஒரு முகவரி உண்டு.

மேப்புக்குத் தெரியாதவை

கூகுள் மேப்ஸில் காருக்கு வழி உண்டு, டூவீலருக்கு வழி உண்டு. லாரிக்கென்று தனி வழி கிடையாது. குட்டியானையில் போகிறீர்களா, ஆறு சக்கர லாரியில் போகிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. குறுகலான சாலையைத் தவிர்க்க உதவும் வசதியை 2024-ல் எட்டு இந்திய நகரங்களில் தொடங்கினார்கள். அதில் கோவையும் ஒன்று. நல்ல விஷயம்தான், ஆனால் அதையும் நாலு சக்கர வண்டிகளை மனதில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். மேலே கட்டிய சரக்கின் உயரம், மரக்கிளை, தாழ்ந்த ரயில்வே பாலம் ஆகியவை நம் பொறுப்பு. கோவையில் பலத்த மழை பெய்தால் லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பக்கமுள்ள சுரங்கப்பாலங்களில் தண்ணீர் தேங்கும். அன்றைக்கு ரயில்பாதையின் இரு பக்கத்தையும் தனித்தனிக் கட்டாக வைத்து, மேம்பாலம் வழியாக ஒரே முறை தாண்டும்படி வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது.

அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். மேலே போகும் வண்டியும் கீழே போகும் வண்டியும் மேப்பில் ஏறக்குறைய ஒரே புள்ளி. எதில் போகிறோம் என்பதை ஜி.பி.எஸ். பல நேரம் குழப்பிக்கொள்ளும். கடைகள் எல்லாம் கீழே இருக்கின்றன. நடுவில் நிறுத்தம் இருந்தால் ஏறாதீர்கள். ஊரைத் தாண்டிப் போவதற்கு மட்டும் பாலம். நடுவே தடுப்பு உள்ள இதுமாதிரி ரோடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. போகும்போது இடதுபக்கக் கடைகளை மட்டும் முடித்து, எதிர்ப்பக்கக் கடைகளைத் திரும்பி வரும்போது முடித்தால் யூடர்னுக்காக அலையவேண்டாம். அமெரிக்காவில் யு.பி.எஸ். கூரியர் நிறுவனம் இடதுபக்கத் திருப்பங்களைக் கூடியவரை தவிர்க்கும்படி ரூட் போடுவது பிரசித்தம். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் எதிர் வண்டிகளை வெட்டிக்கொண்டு திரும்பவேண்டியது இடதுபக்கம். இடப்பக்கம் ஓட்டும் நமக்கு அது வலதுபக்கத் திருப்பம்.

மலை ஏறினால் கிலோமீட்டர் கணக்கை மறந்துவிட்டு நேரக் கணக்குக்கு மாறவேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். திம்பம் மலைப்பாதையில் 27. திம்பம் பாதை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போவதால் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. தாளவாடிக்கு ஒரு பெட்டி இருந்தால் அதை நாளின் கடைசியில் தள்ளாமல் முதலிலேயே முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

நேரக் கட்டுப்பாடு சமவெளியிலும் உண்டு. மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை பல கம்பெனிகளில் சரக்கு எடுக்க ஆள் இருக்காது. ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை ஜவுளிச் சந்தை. அன்றைக்குக் கடைவீதிப் பக்கம் வண்டி நுழைவதே பாடு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று அறிவித்த பகுதியில் பல யூனிட்டுகள் மூடியிருக்கும், அதனால் முந்தின நாள் அறிவிப்பைப் பார்த்துவிட்டே பில் எடுக்கவேண்டும். மேப் காட்டும் மொத்த நேரத்தில் இறக்கும் நேரம் சேராது என்பதையும் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு கடைக்குப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் பன்னிரண்டு கடைக்கு 144 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதைச் சேர்க்காமல் வாடிக்கையாளருக்கு நேரம் சொன்னால் ஆறாவது கடையிலேயே சொன்ன சொல் தவறிப்போகும்.

எந்தக் கருவி, எப்போது

கூகுள் மேப்ஸில் கிளம்பும் இடம் போக ஒன்பது நிறுத்தம்வரை சேர்க்கலாம். விரலால் இழுத்து வரிசையை மாற்றலாம். ஒரு நடைக்கு எட்டு, ஒன்பது கடைக்குச் சரக்கு கொடுக்கிறவருக்கு மேலே சொன்ன வளைய முறையும் இதுவும் போதும். அதற்கு மேல் போனால் காலை, மாலை என்று இரண்டு பட்டியலாகப் பிரிக்கலாம். தினமும் இருபது முப்பது இடம், இரண்டு மூன்று வண்டி என்று தொழில் வளர்ந்துவிட்டால் ரூட்எக்ஸ்எல், ரோடு வாரியர், ஆப்டிமோரூட் மாதிரி வரிசை போடுவதற்கென்றே உள்ள சேவைகளைப் பாருங்கள். முகவரிப் பட்டியலைக் கொடுத்தால் அவை வரிசை போட்டுத் தரும். இந்தக் கடைக்குப் பதினோரு மணிக்குள், அந்தக் கடைக்கு மதியத்துக்கு மேல் என்று நேரத்தையும் கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். இலவசமாக எத்தனை நிறுத்தம் என்பது அவ்வப்போது மாறும். இவை தரும் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டாம். பாலம், இட்டேரி, சந்தை நாள் தெரிந்த டிரைவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றிரண்டை இழுத்து மாற்றினால்தான் அது ஓட்டக்கூடிய வரிசை.

வரிசை முடிவான பிறகுதான் லோடு ஏற்றவேண்டும். கடைசியாக இறங்கும் பெட்டி முதலில் ஏறவேண்டும். முதல் கடையின் பெட்டி கதவோரம். பெட்டியில் மார்க்கரால் நிறுத்த எண்ணைப் பெரிதாக எழுதிவிட்டால் லோடுமேன் புதியவராக இருந்தாலும் தடுமாற மாட்டார். சரக்கை முதலில் ஏற்றிவிட்டு ரூட்டைப் பிறகு யோசித்தால், ஒவ்வொரு கடையிலும் பாதி லோடை இறக்கி ஏற்றவேண்டி வரும். மேப் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் அங்கேயே போய்விடும்.

கிளம்பிய பிறகும் போன் வரும். "தம்பி, அவினாசிக்கும் ஒரு பெட்டி வேணும், வர்ற வழிதானுங்களே" என்பார்கள். வர்ற வழியா இல்லையா என்பதைக் கணக்குச் சொல்லட்டும். இப்போதைய வரிசையில் அடுத்தடுத்து உள்ள இரண்டு கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கடையிலிருந்து புது இடத்துக்கு உள்ள தூரத்தையும், புது இடத்திலிருந்து இரண்டாவது கடைக்கு உள்ள தூரத்தையும் கூட்டி, அந்த இரண்டு கடைகளுக்கு நடுவே ஏற்கெனவே உள்ள தூரத்தைக் கழித்தால் கூடுதல் ஓட்டம் எவ்வளவு என்று வரும். மீதியிருக்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் இதைப் பார்த்து, எங்கே மிகக் குறைவாக வருகிறதோ அங்கே செருகுங்கள். உதாரணமாக 7-ம் 9-ம் சேர்ந்து 16, அதில் ஏற்கெனவே உள்ள 12 போனால் கூடுதல் 4 கிலோமீட்டர்தான், தாராளமாகப் போய்வரலாம். எல்லா ஜோடியிலும் இருபதுக்கு மேல் வந்தால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "நாளைக்குக் காலையில முதல் வண்டியில கொண்டாந்தர்றேனுங்ணா" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சரக்கு குடோனில்தான் இருக்கிறது என்றால் தூரத்தைப் பார்க்கவே தேவையில்லை, பதில் அதேதான்.